எண்ணின் அடிமானம் தரும் கோளாறுகள்: தவறான விடையை வைத்தே காரணத்தைப் பிடிப்பது

எண்களை எழுத மொத்தம் எத்தனை இலக்கங்களைப் பயன்படுத்துகிறோமோ அதுவே அடிமானம்; நாம் வழக்கமாக எழுதுவது பத்தின் அடிமானம். அடிமானம் சம்பந்தப்பட்ட பிழைகளில் ஒரு வசதி உண்டு. தவறான விடை குருட்டாம்போக்கில் வருவதில்லை. எங்கே, எது பிசகியது என்பது அந்த விடையிலேயே பதிந்திருக்கும். அதனால் நிரலை வரி வரியாகத் துழாவுவதற்கு முன்னால், வந்த விடையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். பாதிப் பிழைகள் அங்கேயே பிடிபட்டுவிடும்.

எண் வேறு, அதை எழுதும் வடிவம் வேறு. பதின்மூன்று என்ற எண்ணை நாம் 13 என்று எழுதுகிறோம். பைனரியில் (இரண்டின் அடிமானம்) அது 1101, ஆக்டலில் (எட்டின் அடிமானம்) 15, மூன்றின் அடிமானத்தில் 111. எல்லாம் ஒரே எண்தான். ஒவ்வொரு இலக்கத்தையும் அதன் இடமதிப்பால் பெருக்கிக் கூட்டினால் எண் கிடைக்கும். அந்த இடமதிப்பு அடிமானத்தின் அடுக்குகளாக, அதாவது 1, அடிமானம், அதன் வர்க்கம், அதன் கனம் என்று, வலமிருந்து இடமாக ஏறிக்கொண்டே போகும். எழுதியவர் ஒரு அடிமானத்தை மனதில் வைத்து எழுத, படிப்பவர் வேறொன்றை மனதில் வைத்துப் படித்தால் கோளாறு பிறக்கிறது. ஆகவே எப்போதும் கேட்க வேண்டிய கேள்வி: இதை எழுதியது யார், எந்த அடிமானத்தில்? படிப்பது யார், எந்த அடிமானத்தில்?

சந்தேகம் வந்தால் முதலில் 10 என்று உள்ளிட்டுப் பாருங்கள். எந்த அடிமானத்திலும் 10 என்ற வடிவம் அந்த அடிமானத்தையே குறிக்கும். விடை 8 என்று வந்தால் ஆக்டலாகப் படித்திருக்கிறது, 16 என்றால் ஹெக்ஸ் (பதினாறின் அடிமானம்), 2 என்றால் பைனரி. 10 சரியாக வந்துவிட்டால் 010 கொடுத்துப் பாருங்கள். அடுத்த பகுதி முழுக்க அதைப் பற்றித்தான்.

## முன்னால் பூஜ்யம் இருந்தால் மட்டும் விடை மாறுகிறது

ஜனவரியிலிருந்து ஜூலை வரை ஒழுங்காக ஓடிய பாஷ் ஸ்கிரிப்ட் (டெர்மினலில் ஓடும் கட்டளைத் தொகுப்பு) ஆகஸ்ட் முதல் தேதி நின்றுவிடுகிறது. செப்டம்பரிலும் ஓடாது. அக்டோபரில் யாரும் தொடாமலே மறுபடி ஓடும். கணினியில் தேதி பிசகிவிட்டதோ என்று தேட வேண்டாம். டேட் கட்டளை மாதத்தை 01, 02 என்று இரண்டு இலக்கமாகத் தருகிறது. பாஷின் கணக்குப் பகுதி, பூஜ்யத்தில் தொடங்கும் எதையும் ஆக்டல் என்று எடுத்துக்கொள்கிறது. 01 முதல் 07 வரை ஆக்டலிலும் அதே மதிப்புதான், அதனால் யாருக்கும் தெரிவதில்லை. ஆக்டலில் இருப்பது 0 முதல் 7 வரை எட்டே இலக்கங்கள். 08, 09 வந்ததும், இந்த அடிமானத்துக்கு மதிப்பு அதிகம் என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி வரும். நாள், மணி, நிமிடம் எதை எடுத்தாலும் இதே கதைதான். தினமும் காலை எட்டு, ஒன்பது மணிக்கு மட்டும் தவறும் வேலைகளுக்கும் இதுவே காரணம்.

சரிசெய்ய, கணக்குக்குள் மாறியை $ குறியோடு எழுதி, அதற்கு முன்னால் 10# என்று சேர்த்துவிடுங்கள். இது பத்தின் அடிமானம்தான் என்று பாஷுக்குச் சொல்வது அது.

உண்மையில் 08, 09 செய்வது உதவி. நிரல் நின்றுவிடுவதால் நமக்குத் தெரிகிறது. சத்தமில்லாமல் தப்பாகும் இடங்கள்தான் ஆபத்தானவை. வரிசை எண் 010 என்பது 8 ஆகும், 064 என்பது 52 ஆகும், ஒரு எச்சரிக்கையும் வராது. எஸ்டிடி கோடுகளை ஜாவாஸ்கிரிப்டில் மேற்கோள் குறி இல்லாமல் ஒரு பட்டியலாக எழுதிப் பாருங்கள். சென்னையின் 044 உள்ளே போய் 36 ஆகிவிடும். கோயம்புத்தூரின் 0422 என்பது 274. ஆனால் கொச்சியின் 0484 மட்டும் 484 என்றே நிற்கும்! அதில் 8 இருப்பதால் அது ஆக்டலாக இருக்க முடியாது என்று பழைய ஜாவாஸ்கிரிப்ட் முறை தானாக முடிவு செய்து, பத்தின் அடிமானத்தில் படித்துவிடுகிறது. ஒரே பட்டியலில் பக்கத்துப் பக்கத்து வரிகள் வெவ்வேறு அடிமானம். கோப்பின் தலையில் கண்டிப்பு முறையை (strict mode) இயக்கினால் இரண்டு வகையையுமே பிழை என்று தடுத்துவிடும். அதை இயக்கியே வையுங்கள். அதைவிட முக்கியம், எஸ்டிடி கோடு, தொலைபேசி எண், பதிவு எண் இவற்றைக் கூட்டிப் பெருக்கப் போவதில்லை. அவற்றை எண்ணாக வைக்காமல் எழுத்துச் சரமாகவே வையுங்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? சி மொழிக்கு முன்னோடியான பி மொழியிலேயே இது இருந்தது. அது பிறந்த பிடிபி-7 கணினியின் ஒரு சொல், அதாவது அது ஒரே தடவையில் கையாளும் அளவு, 18 பிட். மூன்று மூன்று பிட்டாகப் பிரித்தால் சரியாக ஆறு ஆக்டல் இலக்கங்கள் வரும், அதனால் அங்கே ஆக்டல் மிகவும் தோதாக இருந்தது. ஆரம்பகால சி மொழியில் இன்னொரு விநோதமும் உண்டு: ஆக்டலுக்குள் 8, 9 என்று எழுதவும் அனுமதித்தார்கள். இடமதிப்பு எட்டு எட்டாக ஏறும், இலக்கம் மட்டும் 9 வரை போகலாம். அந்தக் கணக்கில் 019 என்பது 8 கூட்டல் 9, அதாவது 17. 1989-ல் வந்த தரநிலை இதை நீக்கியது. பைத்தான் 3 இன்னும் ஒரு படி மேலே போய், முன்பூஜ்யம் போட்ட எண்ணையே மறுக்கிறது. ஆக்டல் வேண்டுமென்றால் பூஜ்யத்துக்குப் பின் ஓ என்ற எழுத்தையும் சேர்க்கச் சொல்கிறது. மொழி வடிவமைப்பில் இதை நல்ல முடிவு என்றே சொல்வேன்.

ஐபி முகவரியிலும் இதே வலை இருக்கிறது. அழகுக்காக 192.168.010.001 என்று எழுதினால் பல கருவிகள் அதை 192.168.8.1 என்று புரிந்துகொண்டு வேறு கணினியைத் தேடிப் போகும். ஒரு நிரல் பத்தின் அடிமானத்தில் படித்து அனுமதி கொடுக்க, அடுத்த நிரல் ஆக்டலில் படித்து இணைப்பு போட்டால், அது பாதுகாப்பு ஓட்டை. 2021-ல் பைத்தானின் ஐபி முகவரி லைப்ரரியை முன்பூஜ்யம் உள்ள முகவரிகளை ஏற்காதபடி மாற்றியது இதற்காகத்தான்.

## 755 கொடுத்தும் கோப்பைத் திறக்க அனுமதி இல்லை

இது மேலே சொன்னதன் மறுபக்கம். அங்கே ஆக்டல் வேண்டாத இடத்தில் வந்தது. இங்கே ஆக்டல் வேண்டிய இடத்தில் வரவில்லை.

கோப்பை யார் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்ற அனுமதியை மாற்ற, டெர்மினலில் சிஎச்மாட் 755 என்று அடித்தால் வேலை செய்கிறது, ஏனென்றால் அந்தக் கட்டளை எப்போதும் ஆக்டலாகத்தான் படிக்கும். அதே 755-ஐப் பைத்தான் நிரலுக்குள் கொடுத்தால் அது எழுநூற்று ஐம்பத்தைந்து. ஆக்டலில் எழுதிப் பார்ப்போம். 755-ல் 512 ஒரு முறை, மீதி 243. அதில் 64 மூன்று முறை, மீதி 51. அதில் 8 ஆறு முறை, மீதி 3. ஆக 1363. உரிமையாளருக்குக் கிடைத்தது 3, அதாவது எழுதலாம், இயக்கலாம், ஆனால் படிக்க முடியாது. குழுவுக்கு 6, மற்றவர்களுக்கு 3. முன்னால் உள்ள 1 கேட்காமலே வந்த ஸ்டிக்கி பிட் என்ற தனி அனுமதிக் குறி. கோப்பைப் படைத்தவரே அதைப் படிக்க முடியாமல், ஊரில் யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம் என்ற நிலை! அனுமதிப் பட்டியலில் இப்படிச் சம்பந்தமில்லாத ஒரு கலவையைப் பார்த்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எதிர்த்திசையில் ஒரு பயமும் வரும். குபர்நெட்டிஸ் என்ற சர்வர் நிர்வாக அமைப்பில் 0644 என்று கொடுத்த அனுமதி, திரும்பப் பார்க்கும்போது 420 என்று காட்டும். 0755 என்றால் 493. அது தரவைக் காட்டும் ஜேசன் வடிவத்தில் ஆக்டல் எழுத வழியே கிடையாது என்பதால் பத்தின் அடிமானத்தில் காட்டுகிறது. அது பிழை இல்லை. 420, 493 இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டால் பல நேரம் மிச்சமாகும்.

## 8080:80 சரியாகப் போகிறது, 22:22 மட்டும் 1342 ஆகிறது

நிரல்களின் அமைப்புகளை எழுதி வைக்கும் யாமல் கோப்பு எழுதுகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். யாமல் 1.1 விதிப்படி, முக்காற்புள்ளியால் பிரித்த எண்கள் அறுபதின் அடிமானத்தில் எழுதியவை. மணி, நிமிடம், விநாடி எழுத வசதியாக இருக்கட்டும் என்று வைத்தது. 22:22 என்றால் 22 பெருக்கல் 60, கூட்டல் 22. ஆக 1342. அறுபதின் அடிமானத்தில் மிகப் பெரிய இலக்கம் 59, அதனால் 80 அங்கே இலக்கமாக முடியாது. 8080:80 எழுத்துச் சரமாகவே தப்பித்துவிடுகிறது. டாக்கர் கம்போஸ் என்ற கருவியின் யாமல் கோப்பில், இப்படி எழுதும் போர்ட் (இணைப்பு வாசல்) எண்ணை எப்போதும் மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். 2009-ல் வந்த யாமல் 1.2 இந்த விதியை எடுத்துவிட்டது, ஆனால் பழைய விதியில் ஓடும் கருவிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

## சில எண்களுக்குச் சரி, சில எண்களுக்குத் தலைகீழ்

அடிமானம் மாற்றும் நிரல் எழுதி 5, 7, 9 கொடுத்துப் பார்க்கிறீர்கள். 101, 111, 1001. எல்லாம் சரி. 6 கொடுத்தால் 011 வருகிறது.

திரும்பத் திரும்ப வகுத்து மீதியை எடுக்கும் முறையில் கடைசி இலக்கம்தான் முதலில் கிடைக்கும். 13-ஐ 2-ஆல் வகுத்துக்கொண்டே போனால் மீதிகள் 1, 0, 1, 1. கீழிருந்து மேலாகப் படித்தால் 1101, அது சரி. வந்த வரிசையிலேயே எழுதினால் 1011, அது பதினொன்று. 5, 7, 9 மூன்றும் பைனரியில் இரு பக்கமிருந்தும் ஒன்றுபோல் இருப்பவை, அதனால் பிழையை மறைத்துவிட்டன. சோதனைக்கு 6, 13 மாதிரி சமச்சீர் இல்லாத எண்களை எடுங்கள்.

அதே நிரலுக்கு 0 கொடுத்தும் பாருங்கள். எண் பூஜ்யம் ஆகாதவரை சுற்று என்று எழுதியிருந்தால் பூஜ்யத்துக்கு ஒரு சுற்றுகூட ஓடாது, விடை வெறுமையாக வரும். அப்புறம் -13. சி மொழியில் மீதிகள் -1, 0, -1, -1 என்று வரும். பைத்தானில் வகுத்தல் கீழ்நோக்கி முழுமையாக்கும் என்பதால் -13, -7, -4, -2, -1 என்று வந்து -1-லேயே மாட்டிக்கொள்ளும். நிரல் முடியவே முடியாது. குறியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிகை எண்ணை மட்டும் மாற்றி, கடைசியில் குறியை முன்னால் ஒட்டுங்கள்.

## ஹெக்ஸ் விடை 7 அல்லது 39 அதிகமாக வருகிறது

ஹெக்ஸில் பத்துக்கு ஏ, பதினைந்துக்கு எஃப் என்று ஆறு ஆங்கில எழுத்துகளை இலக்கங்களாகச் சேர்த்திருக்கிறோம். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் 0-வின் குறியீட்டெண் 48, 9-க்கு 57. ஆகவே இலக்கத்தின் மதிப்பு வேண்டுமென்றால் 48-ஐக் கழிக்க வேண்டும். கழிக்க மறந்தால் 7 என்ற எழுத்து 55 என்ற மதிப்பைத் தரும். இது எல்லாரும் அறிந்த பிழை.

ஆனால் பெரிய எழுத்து ஏ-யின் குறியீட்டெண் 65. 9-க்கும் அதற்கும் நடுவே முக்காற்புள்ளி, கேள்விக்குறி என்று ஏழு குறிகள் உட்கார்ந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் 48-ஐயே கழித்தால் ஏ-க்குப் பத்துக்குப் பதில் 17 கிடைக்கும். சரியாக 7 அதிகம். சிறிய எழுத்து ஏ 97-ல் தொடங்குவதால் 49 கிடைக்கும், 39 அதிகம். பெரிய எழுத்துக்கு 55, சிறிய எழுத்துக்கு 87 கழிக்க வேண்டும்.

எதிர்த்திசையில் 175-ஐ ஹெக்ஸுக்கு மாற்றுபவர்கள் 10, 15 என்று மீதிகளை எடுத்துவிட்டு 1015 என்று ஒட்டி எழுதிவிடுவது உண்டு. அது நான்கு இலக்க ஹெக்ஸ் எண், மதிப்பு 4117. எவ்வளவு பெரிய அடிமானமாக இருந்தாலும் ஒரு இடத்துக்கு ஒரே குறிதான். பத்து இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணின் கடைசியில் சில புத்தகங்களுக்கு எக்ஸ் என்ற எழுத்து இருப்பதும் இதனால்தான். அந்தச் சரிபார்ப்பு இலக்கம் பதினொன்றால் வகுத்து வருவது, அதன் மதிப்பு 10 வரை போகலாம், இடமோ ஒன்றுதான்.

## எக்செல் நெடுவரிசைப் பெயர் ஒவ்வொரு 26-லும் உடைகிறது

25 வரை சரி. 26 வந்ததும் இசட் என்பதற்குப் பதில் ஏ@ வருகிறது. 52-ல் பி@.

நெடுவரிசைப் பெயர்கள் 26-ன் அடிமானம் போலத் தெரியும், ஆனால் இங்கே பூஜ்யம் என்ற இலக்கமே இல்லை. இலக்கங்கள் 1 முதல் 26 வரை. நாமோ 26-ஆல் வகுத்த மீதியை எடுக்கிறோம், அது 0 முதல் 25 வரை தரும். மீதி 0 வரும்போது பெரிய ஏ-க்கு முந்தைய குறியான @ வந்து நிற்கிறது.

ஒவ்வொரு சுற்றிலும் வகுப்பதற்கு முன் ஒன்றைக் கழியுங்கள். 52-ல் ஒன்று போனால் 51. 26-ஆல் வகுக்க ஈவு 1, மீதி 25, அது இசட். அடுத்து 1-ல் ஒன்று போனால் 0, மீதி 0, அது ஏ. ஈவும் 0, நிறுத்திவிடலாம். கடைசியிலிருந்து படித்தால் ஏஇசட். கடைசி நெடுவரிசையான 16384-க்கு எக்ஸ்எஃப்டி வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எக்செல் என்றதும் இன்னொன்று. 12இ4 போன்ற ஹெக்ஸ் அடையாள எண்ணை அதில் ஒட்டினால், நடுவிலுள்ள இ-யைப் பத்தின் அடுக்கு என்று எடுத்துக்கொண்டு 1,20,000 ஆக்கிவிடும். 120இ3 ஒட்டினாலும் அதே 1,20,000. அதனால் பிறகு மீட்க வழியில்லை. ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட வேண்டும்.

## 0.1-ஐப் பத்து முறை கூட்டினால் 1 வரவில்லை

புள்ளிக்கு வலப்பக்கம் இடமதிப்புகள் அடிமானத்தால் வகுபட்டுக்கொண்டே இறங்கும். பைனரியில் அவை 1/2, 1/4, 1/8. பின்னத்தை மாற்ற அடிமானத்தால் பெருக்கி, முழுப்பகுதியை இலக்கமாக எடுக்க வேண்டும், இங்கே இலக்கங்கள் நேர் வரிசையிலேயே வரும். 0.1-ஐ எடுங்கள்: 0.2, இலக்கம் 0. 0.4, இலக்கம் 0. 0.8, இலக்கம் 0. 1.6, இலக்கம் 1. மீதி 0.6 பெருக்கினால் 1.2, இலக்கம் 1. மீதி 0.2. முன்பே பார்த்த 0.2! இனி அதே 0, 0, 1, 1 முடிவில்லாமல் சுற்றும்.

ஒரு பின்னத்தைச் சுருக்கிய பிறகு, அதன் கீழ் எண்ணிலுள்ள பகா எண்கள் எல்லாம் அடிமானத்தையும் வகுத்தால்தான் இலக்கங்கள் முடிவுக்கு வரும். பத்தின் பகா எண்கள் 2, 5. பைனரிக்கு 2 மட்டும். 1/10-ல் 5 இருப்பதால் பைனரியில் முடியாது. 0.5, 0.25, 0.125 எல்லாம் துல்லியமாக நிற்கும். மூன்றின் அடிமானத்தில் 1/3 என்பது வெறும் 0.1.

முடிவில்லாத இலக்கங்களைக் கணினி எங்கேயாவது வெட்டியாக வேண்டும். இந்த வெட்டு உயிரையும் வாங்கியிருக்கிறது. 1991 பிப்ரவரி 25 அன்று, சவுதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியட் தடுப்பு அமைப்பு, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 வீரர்கள் இறந்தார்கள். அந்த அமைப்பு நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி அளவில் எண்ணி, 24 பிட்டில் வெட்டிய 0.1-ஆல் பெருக்கியது. ஒரு பெருக்கலில் கண்ணுக்கே தெரியாத பிசகு, நூறு மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் 0.34 விநாடி ஆகிவிட்டது. அதற்குள் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும்.

பணக் கணக்கைப் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள். நேரத்தை மில்லி விநாடியில் முழு எண்ணாக எண்ணுங்கள். பின்னமே வேண்டுமென்றால், பத்தின் அடிமானத்திலேயே கணக்கிடும் டெசிமல் வகையை எடுங்கள். இரண்டு பின்னங்கள் சமமா என்று நேராக ஒப்பிடாதீர்கள்.

## ஒற்றை, இரட்டைப் படைச் சோதனை பொய்க்கிறது

மூன்றின் அடிமானத்தில் 11 என்பது நான்கு, இரட்டைப்படை. 12 என்பது ஐந்து, ஒற்றைப்படை. கடைசி இலக்கத்தைப் பார்த்துச் சொல்லும் விதி, அடிமானத்தை வகுக்கும் எண்களுக்கு மட்டும்தான். இலக்கங்களின் கூட்டுத்தொகை விதியோ, அடிமானத்தில் ஒன்று குறைந்த எண்ணுக்கும் அதன் காரணிகளுக்கும். நமக்கு 9, 3. ஆக்டலில் 7: 52 என்று எழுதினால் கூட்டுத்தொகை 7, மதிப்பு 42, வகுபடுகிறது. ஒற்றைப்படை அடிமானங்களில் இரட்டைப்படையைக் கண்டுபிடிக்க இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். 11-க்கு 2, 12-க்கு 3. சரியாக வருகிறது.

## தமிழ் எண்கள் கொடுத்தால் 2999 வருகிறது

ஜாவாவில் ஒரு எழுத்து இலக்கமா என்று கேட்டால், ௧ என்பதற்கும் ஆம் என்றுதான் சொல்லும். அதை நம்பி 48-ஐக் கழித்தால் 2999 கிடைக்கும், ஏனென்றால் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் ௧-இன் எண் 3047. தமிழ் இலக்கங்கள் 3046 முதல் 3055 வரை இருக்கின்றன. கழிக்க வேண்டியது 3046. அதைவிட, ஜாவாவிலேயே இலக்கத்தின் மதிப்பைத் தரும் வசதி இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். பைத்தான் ௨௩ என்பதை நேராக 23 என்று படிக்கும். ஜாவாஸ்கிரிப்ட் எண் இல்லை என்று சொல்லிவிடும்.

பார்வைக்குச் சரியாக இருந்தும் பைத்தான் மறுத்தால், எண்ணுக்குப் பதில் எழுத்து வந்திருக்கிறதா என்று பாருங்கள். ௧ என்ற எண்ணும் க என்ற எழுத்தும் கண்ணுக்கு ஒன்றே, ஆனால் க-வின் குறியீட்டெண் 2965. ௨-க்கு உ, ௭-க்கு எ, ௮-க்கு அ. பழைய நூல்களை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றும்போது இந்தக் கலப்பு நிறைய வரும்.

௰ (பத்து), ௱ (நூறு), ௲ (ஆயிரம்) வந்தால் வேறு கணக்கு. பழைய தமிழ் எழுத்துமுறை இடமதிப்பில் ஓடுவதில்லை. பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் குறிகள் உண்டு, பூஜ்யம் தேவைப்படவில்லை. யூனிகோடிலும் தமிழ்ப் பூஜ்யம் 2005-ல், 4.1 பதிப்பில்தான் சேர்ந்தது. ௨௲௨௰௩ என்பது 2023. இதை இலக்கமாக மாற்றச் சொன்னால் பைத்தான் மறுக்கும், மறுப்பதும் சரியே. இடமிருந்து வலமாகப் படியுங்கள். குறிக்கு முன்னால் இலக்கம் இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள், இல்லாவிட்டால் ஒன்றால் பெருக்கியதாகக் கொள்ளுங்கள், கிடைத்தவற்றைக் கூட்டுங்கள். நிரலைச் சோதிக்க ௰௨, ௨௰ இரண்டையும் கொடுங்கள். முதலாவது 12, இரண்டாவது 20.